காலாவதியாகாத ஒப்பந்தம்: அமெரிக்க விமான ஊழியர்களின் காத்திருப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்

2025 ஜூலை இறுதியில் யுனைடெட் ஏர்லைன்ஸின் கேபின் ஊழியர்கள், தங்கள் சங்கமே பேசிக் கொண்டுவந்த உடன்பாட்டை வாக்களித்துத் தள்ளினார்கள். ஏறத்தாழ 28,000 பேருக்கான உடன்பாடு அது. வாக்களித்தவர்களில் 71 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கையெழுத்தானதும் ஊதியம் ஏறத்தாழ கால் பங்கு உயரும் என்றும், பயணிகள் விமானத்தில் ஏறும் நேரத்துக்கும் காசு உண்டு என்றும் அதில் எழுதியிருந்தது. அவர்களுடைய பழைய ஒப்பந்தம் திருத்தத்துக்கு வந்தது 2021 ஆகஸ்டில். கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் பழைய ஊதிய அட்டவணையிலேயே வேலை பார்த்தவர்கள், கைக்கு வந்த உயர்வை ஏன் திருப்பி அனுப்பினார்கள்? அதற்கு ஓராண்டு முன்பு, 2024 ஆகஸ்டில், வேலைநிறுத்தத்துக்கு ஒப்புதல் கேட்டபோது 99.99 சதவீதம் பேர் சரி என்றார்கள். ஆனாலும் வேலைநிறுத்தம் நடக்கவில்லை.

யுனைடெட்டில் மட்டும் நடக்கிற விஷயமல்ல இது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கேபின் ஊழியர்களின் ஒப்பந்தம் 2019 டிசம்பரில் திருத்தத்துக்கு வந்தது. புதியது கையெழுத்தானது 2024 செப்டம்பரில். சவுத்வெஸ்ட் விமானிகள் 2020 முதல் 2024 ஜனவரி வரை காத்திருந்தார்கள். விமானத் துறையில் பேச்சுவார்த்தை ஏன் இவ்வளவு இழுக்கிறது, முடிந்த பிறகும் மனக்கசப்பு ஏன் போவதில்லை என்ற கேள்விக்கு ஏறக்குறைய தொண்ணூறு வயது. சட்ட அறிஞர்கள் ஒரு விடை சொன்னார்கள், பொருளியலாளர்கள் வேறொன்று. நிர்வாகவியல் ஆய்வாளர்களுக்கும் சங்கத் தலைவர்களுக்கும் அவரவர் விடை உண்டு. ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. எந்த விடை எதுவரை செல்லும் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

ரயிலுக்கு எழுதிய சட்டம்

முதல் விடை சட்டத்தைக் கைகாட்டுகிறது. அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் துறைத் தொழிலாளர்கள் 1935-ன் தேசியத் தொழிலுறவுச் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். விமான ஊழியர்கள் அதில் இல்லை. 1926-ல் ரயில்வேக்காக இயற்றப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டம்தான் அவர்களை ஆள்கிறது. 1936-ல் அது விமான நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த விரிவாக்கத்தைக் கேட்டு வாங்கியது நிர்வாகங்கள் அல்ல. டேவ் பென்கே தலைமையிலான விமானிகள் சங்கம். அன்றைய நிலையில் ரயில் தொழிலாளர்களுக்கு இருந்த பாதுகாப்பு அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இந்தச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தம் காலாவதியாவதில்லை. குறித்த தேதி வந்தால் அது 'திருத்தத்துக்கு உரியதாக' ஆகிறது, அவ்வளவுதான். புதிய ஒப்பந்தம் வரும்வரை பழைய விதிகளும் பழைய ஊதிய விகிதங்களும் அப்படியே தொடரும். இரு தரப்பும் நேரடியாகப் பேசி முடிக்க முடியாவிட்டால் தேசிய மத்தியஸ்த வாரியம் நுழைகிறது. ஜனாதிபதி நியமிக்கும் மூன்று உறுப்பினர்கள் கொண்ட இந்த வாரியம் 1934-ல் உருவானது. அதன் மத்தியஸ்தத்துக்குக் கால வரம்பு கிடையாது. பேச்சு முறிந்துவிட்டது என்று வாரியமே முடிவுசெய்து, நடுவர் தீர்ப்புக்கு வரும்படி இரு தரப்பையும் அழைத்து, யாராவது ஒருவர் மறுத்த பிறகுதான் 30 நாள் 'ஆறவிடும் காலம்' தொடங்கும். அது முடிந்தால்தான் வேலைநிறுத்தம் சட்டப்படி செல்லும். அதற்குப் பிறகும் ஜனாதிபதி அவசரக் குழு ஒன்றை அமைத்து நிறுத்திவைக்கலாம். கடைசியில் நாடாளுமன்றமே தலையிட முடியும். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நிமிடங்களில் கிளிண்டன் அவசரக் குழு அமைத்தார், விமானிகள் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

தாமதத்தின் செலவு இரு தரப்புக்கும் சமமாக விழுவதில்லை என்பதே இந்த விடையைச் சொல்பவர்களின் வாதம். விலைவாசி ஏறும் காலத்தில் பழைய ஊதிய அட்டவணை தொடர்வது நிர்வாகத்துக்கு வட்டியில்லாக் கடன் போன்றது. நிலுவைத் தொகை பிறகு கிடைக்கலாம். ஆனால் அது எவ்வளவு என்பதும் பேரத்துக்குரிய பொருளாகிவிடுகிறது. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டபோது இது வெறும் கோட்பாடாக இருக்கவில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு கேபின் ஊழியருக்கு வாடகை வீடு பிடிப்பதற்காக நிறுவனம் கொடுத்த வருமானச் சான்றிதழ் 2024-ல் பொதுவெளிக்கு வந்தது. பாஸ்டனைத் தளமாகக் கொண்ட அவருக்கு ஆண்டு வருமானம் வரிக்கு முன் 27,315 டாலர்.

ஆனால் சட்டத்தை மட்டும் குற்றம் சொல்வதில் இடைவெளி இருக்கிறது. இதே சட்டத்தின்கீழ் 1966-ல் ஐந்து பெரிய நிறுவனங்களின் 35,000 மெக்கானிக்குகளும் பிற தரைப் பணியாளர்களும் 43 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இதே சட்டத்தின்கீழ்தான் 2023-ல் டெல்டா விமானிகள் நான்கு ஆண்டுகளுக்கு 34 சதவீத உயர்வு பெற்றார்கள். அமெரிக்கன், யுனைடெட் விமானிகளுக்கு 40 சதவீத அளவில் கிடைத்தது. பழைய நிலை தொடர வேண்டும் என்ற விதி தொழிலாளரையும் காக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஒப்பந்தத் தேதி முடிந்துவிட்டது என்று சொல்லி நிர்வாகம் தன்னிச்சையாகச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. நெருக்கடி ஆண்டுகளில் இழுத்தடித்தவை சங்கங்களே என்று நிர்வாகத் தரப்பினர் நினைவூட்டுவார்கள். அது பொய்யும் அல்ல. சட்டம் தாமதத்துக்கு வழிவிடுகிறது. அந்த வழியில் யார் நடப்பார் என்பதைச் சந்தையின் நிலை தீர்மானிக்கிறது என்று சொல்வதே பொருந்தும்.

போட்டி வந்த பிறகு

இரண்டாவது விடை 1978-லிருந்து தொடங்குகிறது. அதுவரை எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதைச் சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியம் என்ற அரசு அமைப்பு நிர்ணயித்தது. சம்பளம் கூடினால் கட்டணமும் கூடும். சுமை பயணிக்குப் போகும். 1958-லிருந்து விமான நிறுவனங்கள் தங்களுக்குள் ஒரு பரஸ்பர உதவி உடன்படிக்கை வைத்திருந்தன. வேலைநிறுத்தத்தில் சிக்கிய நிறுவனத்துக்கு, அதனால் கூடுதல் வருமானம் பெற்ற மற்ற நிறுவனங்கள் பணம் கொடுக்கும். 1978 அக்டோபரில் கார்ட்டர் கையெழுத்திட்ட கட்டுப்பாடு நீக்கச் சட்டத்தோடு இந்தப் பழைய ஏற்பாடுகள் சரிந்தன. மலிவுக் கட்டணப் புதியவர்கள் வந்தார்கள். 1983-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டால் இரட்டை ஊதிய முறையைக் கொண்டுவந்தார்: இருப்பவர்களுக்குப் பழைய அட்டவணை, புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்த அட்டவணை. ஒரே விமானத்தில், ஒரே வேலைக்கு, இரண்டு சம்பளம்.

இந்தப் பார்வையில், ஊழியர்களின் ஏமாற்றம் என்பது கட்டுப்பாட்டுக் காலத்தின் உபரி கரைந்துபோனதன் வலி. பாரி ஹிர்ஷும் டேவிட் மேக்ஃபெர்சனும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இத்திசையில் முக்கியமானது. ஒத்த தகுதியுள்ள பிற தொழிலாளர்களைவிட விமான ஊழியர்கள் பெற்றுவந்த கூடுதல் ஊதியம் கட்டுப்பாடு நீங்கிய பிறகு உடனே மறையவில்லை என்றும், படிப்படியாகக் குறுகியது என்றும், சங்கத்தின் பேரம் பேசும் பலம் உள்ள இடத்தில், குறிப்பாக விமானிகளிடம், நிலைத்தது என்றும் அவர்கள் காட்டினார்கள்.

இந்த விடையின் பலவீனம் அதன் உள்ளேயே தெரிகிறது. போட்டி எல்லா ஊழியர்களுக்கும் ஒன்றுதான்; விளைவு ஒன்றல்ல. விமானிகள் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டார்கள், மற்றவர்கள் அந்த வேகத்தில் மீட்கவில்லை. விமானியாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-ல் நடைமுறைக்கு வந்தது. 65 வயதில் கட்டாய ஓய்வு. ஆள் கிடைப்பது அரிது. கேபின் ஊழியருக்குப் பயிற்சி சில வாரங்கள். 1986-ல் டிடபிள்யூஏ நிறுவனத்தின் கேபின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அதன் தலைவர் கார்ல் ஐகான் புது ஆட்களை அமர்த்தி விமானங்களை ஓட்டினார். பாதியில் திரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்த இடங்களைப் பறிக்க வேண்டியதில்லை என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளியே கடைசிவரை நின்றவர்கள் தங்களைவிடப் பணிமூப்புக் குறைந்தவர்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். அந்தத் தீர்ப்பின் நிழல் இன்றுவரை ஒவ்வொரு வேலைநிறுத்த வாக்கெடுப்பின் மீதும் விழுகிறது என்பது என் கணிப்பு.

இன்னொன்று, போட்டியே சுருங்கிவிட்டது. 2008-ல் டெல்டாவும் நார்த்வெஸ்டும், 2010-ல் யுனைடெட்டும் கான்டினென்டலும், 2013-ல் அமெரிக்கனும் யுஎஸ் ஏர்வேஸும் இணைந்த பிறகு, சவுத்வெஸ்டையும் சேர்த்து நான்கு நிறுவனங்களிடம் உள்நாட்டுச் சந்தையின் பெரும்பகுதி வந்துவிட்டது. கடும் போட்டியால்தான் கொடுக்க முடியவில்லை என்ற வாதத்தை 1985-ல் சொன்ன வலுவோடு இன்று சொல்ல முடியாது.

திவால் என்னும் கருவி

மூன்றாவது விடை திவால் சட்டத்தைக் கைகாட்டுகிறது. 1983 செப்டம்பரில் ஃபிராங்க் லொரென்சோவின் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் திவால் பாதுகாப்புக் கோரியது. சுமார் 12,000 ஊழியர்களை வெளியே அனுப்பி, 4,000 பேரைப் பாதிச் சம்பளத்துக்குத் திரும்ப அழைத்தது. தொழிற்சங்க ஒப்பந்தங்கள் ஒரே நாளில் செல்லாமல் போயின. மறு ஆண்டு நாடாளுமன்றம் திவால் சட்டத்தில் 1113-ஆம் பிரிவைச் சேர்த்தது. ஒப்பந்தத்தை ரத்துசெய்யுமுன் நிர்வாகம் சங்கத்தோடு பேச வேண்டும், நீதிபதியின் அனுமதி பெற வேண்டும் என்றது அந்தப் பிரிவு. ரத்து செய்யும் வழி அடைபடவில்லை.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய பத்தாண்டில் இந்த வழி பரவலாகப் பயன்பட்டது. யுனைடெட் 2002 டிசம்பரில் திவால் கோரி 2006 பிப்ரவரியில் வெளியே வந்தது. இடையில், 2005-ல், ஓய்வூதியத் திட்டங்களைக் கைவிட்டது; 660 கோடி டாலர் சுமை அரசின் ஓய்வூதியக் காப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அந்தக் காப்புக்கும் உச்சவரம்பு உண்டு என்பதால் பலருடைய ஓய்வூதியம் குறைந்தது. டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2005 செப்டம்பர் 14 அன்று ஒரே நாளில் திவால் கோரின. அமெரிக்கன் 2011 நவம்பரில், கையில் 400 கோடி டாலருக்கு மேல் ரொக்கம் இருக்கும்போதே கோரியது. நார்த்வெஸ்ட் கேபின் ஊழியர்கள் தங்கள் ஒப்பந்தம் ரத்தானதால் வேலைநிறுத்த உரிமை தங்களுக்கு வந்துவிட்டது என்று வாதாடினார்கள். 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இதைச் சட்ட விடையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஊதியம் உயர வேண்டிய நேரத்தில் ஒப்பந்தம் முடிவதேயில்லை. குறைய வேண்டிய நேரத்தில் நீதிமன்றத்தில் ரத்தாகிறது. ஊழியர்களின் மனத்தில் இந்த ஏற்றத்தாழ்வு ஆழப் பதிந்திருக்கிறது. நிர்வாகத் தரப்பின் பதிலையும் எடைபோட வேண்டும்: 2000-களில் விமான நிறுவனங்கள் உண்மையிலேயே பெரும் நட்டத்தில் இருந்தன, திவால் பாதுகாப்பு இல்லாவிட்டால் 1991-ல் மூடப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸைப் போல இன்னும் சில மறைந்திருக்கலாம், வேலைகளும் போயிருக்கலாம். நான்கு பெரிய நிறுவனங்களில் மூன்று திவாலைக் கடந்து வந்தவை என்பதால் இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் மீண்ட பிறகு வந்த லாபம் யாருக்குப் போனது என்ற அடுத்த கேள்விக்கு அதில் விடை இல்லை.

லாபம் யாருக்கு?

2010-க்குப் பிந்தைய பத்தாண்டில் நான்காவது விடை வலுத்தது. நிர்வாகத்தின் முன்னுரிமை பங்குதாரர் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது அதன் சுருக்கம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் 2019 வரை 1,200 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தன் பங்குகளையே திரும்ப வாங்கியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்ததும், ஊதியம் கொடுக்க அரசு உதவி கேட்க வேண்டியதாயிற்று. நிவாரணச் சட்டம் பயணிகள் விமான நிறுவனங்களுக்கு முதற்கட்டமாக 2,500 கோடி டாலர் ஒதுக்கியது. ஊழியர்களை நிறுத்தக் கூடாது, பங்குகளைத் திரும்ப வாங்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் அதில் சேர்ந்தன. சாரா நெல்சன் தலைமையிலான கேபின் ஊழியர் சங்கம் இவற்றுக்காக உரத்துக் குரல் கொடுத்தது.

இந்த மனக்கசப்புக்கு முன்கதையும் உண்டு. 2003 ஏப்ரலில் அமெரிக்கன் ஊழியர்கள், நிறுவனத்தைத் திவாலிலிருந்து காக்க, ஆண்டுக்குச் சுமார் 180 கோடி டாலர் அளவிலான விட்டுக்கொடுத்தல்களுக்கு வாக்களித்தார்கள். உயர் அதிகாரிகளுக்குத் தனி போனஸும் ஓய்வூதியப் பாதுகாப்பு நிதியும் ஏற்பாடாகியிருந்த செய்தி அதே நேரத்தில் வெளிவந்தது. தலைமை அதிகாரி டான் கார்ட்டி பதவி விலகினார். சம்பளத்தில் வெட்டு விழுந்ததைவிட, உடனிருந்தவர்கள் மறைத்தார்கள் என்பதே அதிகம் புண்படுத்தியது.

ஆயினும் முன்னுரிமை என்பது தலைமை அதிகாரியின் மனத்தில் மட்டும் இருக்கும் ஒன்றல்ல. 2017 ஏப்ரலில் இதே அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஒப்பந்தக் காலத்தின் நடுவிலேயே, யாரும் கட்டாயப்படுத்தாமல் விமானிகளுக்கு 8 சதவீதமும் கேபின் ஊழியர்களுக்கு 5 சதவீதமும் உயர்வு அறிவித்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவு. அன்று நிறுவனத்தின் பங்கு விலை 5 சதவீதம் சரிந்தது. தொழிலாளருக்கே முதல் பங்கு போகிறது, எங்களுக்கு மிச்சம்தான் என்று முதலீட்டு ஆய்வாளர்கள் வெளிப்படையாகக் குறைகூறினார்கள். கொடுக்க விரும்பும் நிர்வாகத்தையும் சந்தை எப்படிக் கண்டிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

பங்கு வாங்குதலைத் தடைசெய்தால் பணம் ஊழியருக்குப் போகுமா? நிவாரணச் சட்டத்தின் தடை 2022 செப்டம்பர் வரை இருந்தது. அந்தக் காலத்தில் ஊதிய அட்டவணைகள் பெரிதாக நகரவில்லை. ஆனால் அது பெருந்தொற்றுக் காலம். அமெரிக்கன் 2020-ல் மட்டும் 890 கோடி டாலர் நட்டமடைந்தது. அந்த ஆண்டுகளை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

உறவைச் சீராக்கினால் போதுமா

ஜோடி ஹோஃபர் கிட்டல், ஆண்ட்ரூ வான் நோர்டன்ஃபிளைக்ட், தாமஸ் கோச்சன் ஆகியோர் 2004-ல் எழுதிய ஆய்வு வேறு பாதையைக் காட்டியது. சங்கம் இருக்கிறதா, சம்பளம் அதிகமா, ஊழியர்களுக்கு நிறுவனத்தில் பங்கு உண்டா என்பவற்றைவிட, இரு தரப்பு உறவின் தரமே சேவையிலும் லாபத்திலும் அதிகம் தெரிகிறது என்றார்கள். 2003-ல் சவுத்வெஸ்ட் பற்றிக் கிட்டல் எழுதிய நூலும் 2009-ல் இந்தக் குழு கிரெக் பேம்பருடன் எழுதிய நூலும் அந்தக் கருத்தையே விரித்தன. இதற்கு யுனைடெட் நல்ல எதிர்க்காட்டாக இருந்தது. 1994-ல் அதன் ஊழியர்கள் 55 சதவீதப் பங்குக்கு உரிமையாளரானார்கள்; கேபின் ஊழியர்கள் அதில் சேரவில்லை. 2000-ஆம் ஆண்டுக் கோடையில் பங்குதாரர்களாகிய விமானிகளே கூடுதல் நேர வேலையை மறுத்தார்கள், ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தாயின. உரிமைப் பத்திரம் கையில் வந்ததால் மட்டும் நம்பிக்கை வந்துவிடவில்லை.

உறவு விடைக்கு வந்த சோதனை சவுத்வெஸ்டிலேயே வந்தது. 2022 டிசம்பர் பனிப்புயலில் அந்நிறுவனம் 16,700-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்கள் ஓரிரு நாளில் மீண்டன. சவுத்வெஸ்டில் எந்த விமானி எங்கே இருக்கிறார், எந்தக் கேபின் ஊழியர் எந்த ஊரில் சிக்கியிருக்கிறார் என்பதே அதன் பணி ஒதுக்கீட்டு மென்பொருளுக்குத் தெரியாமல் போனது. ஊழியர்கள் மணிக்கணக்கில் தொலைபேசியில் காத்திருந்தார்கள்; சிலர் விமான நிலையத் தரையில் படுத்தார்கள். இந்த மென்பொருளை மாற்றுங்கள் என்று சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தன. புயலுக்குச் சில வாரங்கள் முன்புதான் நிறுவனம் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையை மீண்டும் தொடங்குவதாக அறிவித்திருந்தது. பிறகு போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2023 டிசம்பரில் சவுத்வெஸ்ட் கேபின் ஊழியர்கள் முதல் உடன்பாட்டை நிராகரித்தார்கள். நல்லுறவுக்கு முன்மாதிரி என்று பாடநூல்களில் ஏறிய நிறுவனம் இது. நல்லுறவு என்பது மூலதனத்தைப் போலத் தேய்வது. அதைப் புதுப்பிக்க நிர்வாகம் செலவழிக்கிறதா என்பதை அந்த ஆய்வுகள் போதுமான அளவு பின்தொடரவில்லை என்று கருதலாம்.

சங்கத்துக்கு உள்ளே

தொழிலாளர் பக்க எழுத்துகள் தயங்கித் தொடும் விடை ஒன்று உண்டு: பிணக்கின் ஒரு பகுதி உறுப்பினருக்கும் பேச்சுவார்த்தைக் குழுவுக்கும் நடுவில் இருக்கிறது. ரிச்சர்ட் வால்டனும் ராபர்ட் மெக்கர்ஸியும் 1965-லேயே இதை ஒரு தனி வகைப் பேரமாக வரையறுத்தார்கள். மேசைக்கு எதிரே இருப்பவரோடு நடக்கும் பேரத்தைப் போலவே, தன் பக்கத்தாரோடு நடக்கும் பேரமும் முடிவைத் தீர்மானிக்கும் என்றார்கள். அடுத்த ஆண்டே அது மெய்ப்பட்டது. 1966 மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் வெள்ளை மாளிகை முன்னின்று உருவாக்கிய, சங்கத் தலைமையும் ஏற்ற உடன்பாட்டை உறுப்பினர்கள் பெருவாரியாக நிராகரித்தார்கள். 2024-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸ், 2025-ல் யுனைடெட் என்று வரிசை தொடர்கிறது.

விமானத் துறையில் இந்த உள் பேரம் கடினமாவதற்குப் பணிமூப்பு ஒரு காரணம். எந்த வழித்தடம், எந்த நாள் விடுமுறை, எந்தத் தளம், எத்தனை நாள் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும் என எல்லாமே பட்டியலில் எத்தனையாவது எண் என்பதைப் பொறுத்தது. வேறு நிறுவனத்துக்கு மாறினால் அந்த எண் பூஜ்யமாகிவிடும். பிடிக்காத நிறுவனத்தை விட்டுப் போவது மற்றத் துறைகளில் ஒரு வழி. இங்கே இருபது ஆண்டு உழைப்பை விட்டுவிட்டுப் போவதாகும். 2005-ல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தபோது இரண்டு விமானிப் பட்டியல்களை ஒன்றாக்க ஜார்ஜ் நிக்கொலாவ் என்ற நடுவர் 2007-ல் தீர்ப்பளித்தார். எண்ணிக்கையில் அதிகமாக இருந்த பழைய யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் அதை ஏற்காமல், இருந்த சங்கத்தையே மறு ஆண்டு வாக்களித்து நீக்கிப் புதுச் சங்கம் அமைத்தார்கள். வழக்குகள் பத்தாண்டுக்கு நெருக்கமாக நீண்டன. அந்த ஆண்டுகளில் விமானிகளால் ஒரே குரலில் நிர்வாகத்திடம் எதையும் கேட்க முடியவில்லை.

இந்த விடையின் ஆபத்து, தாமதத்தின் பழியை ஊழியர்கள் மீதே போட்டுவிடுவது. சங்கம் இல்லாத இடத்தைப் பார்த்தால் அது எவ்வளவு போதாது என்று தெரியும். டெல்டாவின் கேபின் ஊழியர்களுக்குச் சங்கம் இல்லை. 2002, 2008, 2010 தேர்தல்களில் சங்கம் தோற்றது. 2022-ல், சங்கம் அமைக்கும் புதிய முயற்சி நடந்துகொண்டிருக்கையில், பயணிகள் ஏறும் நேரத்துக்கு ஊதியம் கொடுக்கும் முதல் பெரிய அமெரிக்க நிறுவனமாக டெல்டா ஆனது. ஊழியர் மீது அக்கறையால் என்றது நிறுவனம். எங்கள் அழுத்தத்தால் என்றது சங்கம். அடுத்த வீட்டுச் சங்கங்களின் நிழலில்தான் சங்கமில்லாத வீட்டின் ஊதியமும் வளர்கிறதா என்பதை ஒரே நிகழ்வை வைத்து முடிவுசெய்ய முடியாது. ஆனால் அந்தக் காலப்பொருத்தத்தைத் தற்செயல் என்று கடந்துபோகவும் மனம் ஒப்பவில்லை.

கதவு மூடும்வரை ஓடாத கடிகாரம்

மேலே சொன்ன விடைகள் எல்லாம் பெரும்பாலும் ஊதியத்தின் அளவைப் பற்றியவை. ஊழியர்களின் கோபம் அதைவிட அதிகமாக நேரத்தைப் பற்றியது என்பது என் வாசிப்பு.

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1934 மே மாதம் தேசியத் தொழிலாளர் வாரியம் தன் 83-ஆம் முடிவில் விமானிகளின் மாதப் பறப்பு நேரத்தை 85 மணியாக வரம்பிட்டு, அடிப்படைச் சம்பளம், மணிக்கணக்கு, மைல்கணக்கு என்று ஊதியத்தைப் பிரித்தது. பறக்கும் நேரமே வேலை நேரத்தின் அளவுகோலானது. விமானிகளுக்கு அது வெற்றி. ஆனால் அந்த அளவுகோல் பிறகு கேபின் ஊழியர்களுக்கும் நீண்டது. 1945-ல் யுனைடெட்டில் ஏடா பிரவுன் முதல் சங்கத்தை அமைத்த காலத்தில் அவர்கள் திருமணமானால் வேலையை விட வேண்டியிருந்தது. அவர்கள் செய்வதை ஒரு முழுத் தொழிலாகவே நிறுவனங்கள் எண்ணவில்லை. ஆர்லி ஹாக்ஷீல்டு 1983-ல் டெல்டா ஊழியர்களை ஆராய்ந்து, சிரிப்பையும் பொறுமையையும் கூலிக்குக் கொடுப்பதை 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயரிட்டார். அந்த உழைப்பு மிக அதிகம் தேவைப்படும் கட்டம் எது? பெட்டி வைக்க இடம் தேடும் பயணி, இருக்கை மாற்றம் கேட்கும் குடும்பம், தாமதத்தால் கொதிப்பவர் என்று எல்லாரும் ஒன்றாக உள்ளே வரும் அந்த அரைமணி நேரம். வழக்கமான ஒப்பந்தங்களில் மணிக்கூலி அப்போது ஓடுவதில்லை. கதவு மூடி, பிரேக் விடுவித்து, விமானம் நகர்ந்த பிறகுதான் கணக்கு தொடங்கும். இரண்டு விமானங்களுக்கு இடையே விமான நிலையத்தில் உட்காரும் மூன்று மணி நேரத்துக்குச் சிறு படி மட்டும் உண்டு.

நிர்வாகங்களின் பதில் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. மணிக்கூலி உயர்வாக இருப்பதே தரைநேரத்தையும் உள்ளடக்கித்தான் என்கிறார்கள். தரைநேரத்துக்குத் தனியே கொடுத்தால் மணிக்கூலி அந்த அளவு குறையும், மொத்தம் மாறாது. சங்கங்களே நீண்ட காலம் இந்தக் கோரிக்கையை முன்வைக்காததற்கும் காரணம் இருந்தது. ஒரு நாளில் நான்கு குறுந்தூர விமானங்கள் பறப்பவர் நான்கு முறை பயணிகளை ஏற்றுகிறார். டோக்கியோவுக்குப் பறப்பவர் ஒரு முறைதான். குறுந்தூரம் பெரும்பாலும் இளையோரிடம், நெடுந்தூரம் மூத்தோரிடம். ஆகவே தரை ஊதியம் மூத்தோரிடமிருந்து இளையோருக்குப் பணத்தை நகர்த்தும் என்ற அச்சம் சங்கத்துக்குள் இருந்தது. அந்த அச்சம் தளர்ந்ததற்கு, இளையோரின் எண்ணிக்கை கூடியதும் பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசச் சண்டைகளை நேரில் சமாளித்த அனுபவமும் காரணமாக இருக்கலாம்.

2025 ஆகஸ்டில் கனடாவில் இந்தக் கேள்வி தெருவுக்கு வந்தது. ஏர் கனடாவின் சுமார் 10,000 கேபின் ஊழியர்கள் 16-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தரைநேரத்துக்கு ஊதியம் முக்கியக் கோரிக்கை. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வேலைவாய்ப்பு அமைச்சர் பாட்டி ஹைடு, கனடா தொழிலாளர் சட்டத்தின் 107-ஆம் பிரிவைப் பயன்படுத்தி அவர்களை வேலைக்குத் திரும்பச் சொல்லவும் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு அனுப்பவும் உத்தரவு கோரினார். சங்கம் பணியவில்லை. கனடாவின் தொழிலுறவு வாரியம் வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதம் என்ற பிறகும் ஊழியர்கள் நின்றார்கள். 19-ஆம் தேதி உடன்பாடு வந்தது. தரைநேரத்துக்கு மணிக்கூலியில் பாதியிலிருந்து தொடங்கும் ஊதியமும் அதில் இருந்தது. பொதுமக்களில் பலர் இந்த வேலை நேரக் கணக்கை அந்த நான்கு நாட்களில்தான் முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள் என்று தோன்றுகிறது.

முடிவாகாதவை

மத்தியஸ்தத்துக்குக் கால வரம்பு வைத்தால் காத்திருப்பு குறையுமா என்பது திறந்தே இருக்கிறது. கனடாவின் சட்டத்தில் தெளிவான காலக்கெடுக்கள் உண்டு. ஆனால் 2024-லிருந்து ரயில், துறைமுகம், தபால் என்று ஒவ்வொன்றிலும் அரசு 107-ஆம் பிரிவை எடுத்ததால், கடைசி நாளில் அரசு வரும் என்று நிர்வாகங்கள் காத்திருக்கப் பழகிவிட்டன என்று சங்கங்கள் சொல்கின்றன. அமெரிக்காவில் 2010 ஜூனில் ஸ்பிரிட் விமானிகள் ஐந்து நாள் நின்றதற்குப் பிறகு பயணிகள் விமானத் துறையில் குறிப்பிடத்தக்க வேலைநிறுத்தம் ஏதும் நடக்கவில்லை. தேசிய மத்தியஸ்த வாரியம் மத்தியஸ்தத்திலிருந்து விடுவிக்காது என்று இரு தரப்பும் நம்பும்போது 99 சதவீத வாக்கு எந்த அளவு எடை பெறுகிறது என்பதை அளக்க நல்ல வழி இன்னும் இல்லை.

பெரியவர்களின் ஊதிய உயர்வு சிறியவர்களை என்ன செய்யும் என்பதும் தெளிவில்லை. ஸ்பிரிட் 2024 நவம்பரிலும் 2025 ஆகஸ்டிலும் திவால் கோரியது, ஊழியர்களை வேலையிலிருந்து விடுவித்தது. அதன் சரிவில் ஊதியச் செலவுக்கு எவ்வளவு பங்கு, இயந்திரக் கோளாறுகளுக்கும் ஜெட்புளூவுடன் நின்றுபோன இணைப்புக்கும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் நிறைவான ஆய்வுக்கு இன்னும் காலம் பிடிக்கும். மறுபக்கம், டெல்டா 2024-ன் லாபத்திலிருந்து 140 கோடி டாலரை ஊழியர்களுக்குப் பகிர்ந்தது. லாபப் பகிர்வு நல்ல ஆண்டில் இனிக்கிறது; 2020 போன்ற ஆண்டில் அதற்குப் பொருளில்லை.

தரைநேர ஊதியம் கிடைத்தால் கசப்பு தணியும் என்றும் சொல்வதற்கில்லை. யுனைடெட்டில் அது இருந்தும் உடன்பாடு தோற்றது. ஏர் கனடாவில் உடன்பாட்டின் ஊதியப் பகுதியை வாக்களித்த உறுப்பினர்களில் 99.1 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அந்தப் பகுதி மூன்றாம் தரப்பின் கைக்குப் போனது. பயணிகள் ஏறும் நேரம் இப்போது பல ஒப்பந்தங்களில் பாதி விலைக்கு வேலையாக ஏற்கப்பட்டிருக்கிறது. இரண்டு விமானங்களுக்கு இடையிலான மூன்று மணி நேரம், பனியில் நின்றுபோன விமானத்துக்காக வாசலில் நிற்கும் நேரம், அழைப்புக்காகச் சீருடையோடு காத்திருக்கும் பகல் ஆகியவற்றுக்கு என்ன விலை என்பதில் எந்த நாட்டிலும் ஒத்த கருத்து உருவாகவில்லை. வரும் ஆண்டுகளின் பேச்சுவார்த்தைகள் அந்த மணி நேரங்களைச் சுற்றித்தான் நடக்கும் என்று தெரிகிறது.